மரத்தின் வரியும் கிற்றாரின் குரலும்

சீவகசிந்தாமணியிலே காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் படித்தவர்கள் ஓரிடத்தில் நின்று வியந்திருப்பார்கள். யாழிசையில் தன்னை வெல்பவனுக்கே மாலையிடுவதாக இருந்த தத்தையின் அவையிலே சீவகன் புகுகின்றான். அவன் முன்னே யாழ்கள் கொண்டுவந்து வைக்கப்படுகின்றன. வித்தியாதர வேந்தன் மகளின் அவைக்கு வந்த கருவிகள் கண்ணுக்குக் குறைவுடையனவாய் இருந்திருக்க நியாயமில்லை. சீவகனோ ஒன்றை எடுத்து நோக்கி, இது நீரில் நின்று அழுகிய மரம் என்று ஒதுக்குகின்றான். மற்றொன்றை, இது வெந்த மரம் என்கின்றான். பிறிதொன்றை, இடிவிழுந்த மரத்தினின்று எடுத்தது என்று தள்ளுகின்றான். இசைக்கருவியைக் கையிலேற்குமுன் அதன் மரத்தை ஆராயவேண்டும் என்னும் அறிவு திருத்தக்கதேவர் காலத்திலேயே நம்மவர்க்கு இருந்தது. அவ்வறிவு எதனை ஆராய்ந்தது என்பதே கவனிக்கத்தக்கது. மரம் எங்கே நின்றது, என்ன நோயுற்றது, எவ்வாறு பட்டது என்பவற்றையே அது கேட்டது.

இன்று கொழும்பிலே மின்கிற்றார் வாங்கப் புகும் இளைஞர் கேட்கும் கேள்வி வேறு. மரத்தில் எத்தனை வரி ஓடுகின்றது, அவ்வரி தீப்பிழம்பு போல இருக்கின்றதா, நீரலை போல இருக்கின்றதா என்பதே அவர் கேள்வி. என்னிடம் முன்னர்ப் படித்து, இப்பொழுது பொறியியலாளராய் வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர், சில வாரங்களுக்கு முன் இரண்டு கிற்றார்களின் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். "ஐயா, இரண்டும் ஒரே தொழிற்சாலை, ஒரே அளவு, உள்ளே உள்ள காந்தமும் கம்பியும் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்கு விலை மற்றதன் விலையில் ஒன்றரை மடங்கு. மரத்தின் அழகுக்காம். கொடுக்கலாமா?" என்று கேட்டார். இரண்டாண்டு சேமித்த பணம் என்றும் சொன்னார்.

இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதனிடம் கிற்றாரைப் பற்றிக் கேட்பது ஏன் என்று வாசகர் நகைக்கலாம். எந்தையார் களனி கங்கைக் கரையிலே, மட்டக்குளிப் பக்கத்து மரக்காலை ஒன்றிற் கணக்கெழுதியவர். யான் பாடப் புத்தகத்தை மரக்குற்றியின்மேல் விரித்து வைத்துப் படித்தவன். கிற்றாரின் நரம்பை மீட்டத் தெரியாவிடினும் பலகையைப் பார்க்கத் தெரியும் என்பது அம்மாணாக்கருக்குத் தெரியும்.

அக்காலத்து மரக்காலைக்கு வரும் முதிய தச்சர்கள் பலகையைப் பார்க்கும் முறையே தனி. முதலில் தூக்கிப் பார்ப்பார்கள். பின் விரல் மொழியாலே தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார்கள். அறுத்த முனையை முகர்ந்து பார்ப்பார்கள். ஈற்றிலேதான் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, வரியைக் காண்பார்கள். ஈரம் பட்ட பலகை மெருகிட்டபின் எப்படி இருக்கும் என்பதைக் கணப்பொழுது காட்டிவிட்டு மீண்டும் மங்கும். அந்த ஒரு கணத்தில் அவர்கள் முகத்திலே தோன்றும் மகிழ்ச்சியையும் யான் கண்டிருக்கின்றேன். ஆகவே வரியழகு வீண் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் அதனைப் பார்த்த வரிசை எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றது.

வரி என்பது யாது? தொல்காப்பியர் மரபியலிலே, புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையவற்றை மரம் என்றும் வகுத்தார். ஆதலாற் பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தன. அகத்து வன்மையைப் பழைய நூல்கள் காழ் என்னும். தச்சர் வைரம் என்பர். அவ்வைரத்தை ஆக்கும் நார்கள் பெரும்பாலும் நிமிர்ந்து நேராக ஓடும். சில மரங்களில் அவை நேராக ஓடாது, காற்றில் அசையும் திரைச்சீலைபோல நெளிந்து ஓடும். அந்நெளிவைக் குறுக்கே அறுக்கும்போது, ஒரு நார் வெளிச்சத்தை நம்மை நோக்கித் திருப்பும்; அடுத்த நார் அப்பாற் செலுத்தும். ஒன்று வெள்ளையாகவும் ஒன்று கருமையாகவும் தோன்றும். பலகையைச் சற்றே சாய்த்தால் வெள்ளை கருமையாகும், கருமை வெள்ளையாகும். இதனையே பட்டுப்போன்ற மினுக்கம் என்று வியக்கின்றோம். அங்கே நிறம் எதுவும் இல்லை. நாரின் திசை மாற்றம் ஒன்றே உள்ளது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளரும் மேப்பிள் மரத்தில் இந்நெளிவு மிகுதி. பலகையை ஆரத்தின் வழியே அறுத்தாற் புலித்தோல் போன்ற குறுக்கு வரிகள் எழும். இதனைத் தீநாக்கு வரி என்பர். பசிபிக் கரையோரத்துப் பேரிலை மேப்பிளைத் தட்டையாக அறுத்தால் நீரின்மேல் மழைத்துளி விழுந்தாற்போன்ற குமிழ் வரிகள் எழும். சர்க்கரை மேப்பிளில் சிறுசிறு சுழிகள் தோன்றிக் குருவிக்கண் எனப் பெயர் பெறும். ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, ஏட்டை விரித்தாற்போல அருகருகே ஒட்டினால், இடப்புறம் வலப்புறத்தின் ஆடிப்பிம்பம் ஆகும். விலையுயர்ந்த மின்கிற்றார்களின் முகப்பில் நாம் காண்பது இவ்வாறு விரித்த மரவேட்டையே.

வரி என்னும் சொல்லுக்குத் தமிழிலே கோடு என்பதும் பொருள், இசைப்பாட்டு என்பதும் பொருள், அரசிறை என்பதும் பொருள். சிலப்பதிகாரத்துக் கானல்வரி பாட்டைக் குறித்தது. கிற்றார் வணிகர் கோட்டைக் காட்டிப் பாட்டு என்று சொல்லி இறை வாங்குகின்றனர். சுங்கத் தீர்வை இதற்கு வேறு.

இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்பதை அறிந்தால் வாசகர் வியப்பர். லெஸ் போல் என்னும் அமெரிக்க இசைஞர் 1940 ஆம் ஆண்டளவில், நான்கங்குலச் சதுரமான பைன் கட்டை ஒன்றின்மேல் கம்பிகளைக் கட்டி, காந்தச் சுருளைப் பொருத்தி ஒரு கருவி செய்தார். அதற்குக் 'கட்டை' என்றே பெயர். அதன் ஓசை நன்றாகவே இருந்தது. கேட்டவர்களுக்கோ அது மனத்திற் படவில்லை. பின்னர் அவர் பழைய கிற்றார் ஒன்றின் உடலை இரண்டாக அறுத்துக் கட்டையின் இருபுறமும் சிறகுபோல ஒட்டிக்கொண்டு போனார். அதே கட்டை, அதே கம்பி, சபையோரும் ஏற்றுக்கொண்டனர். சிறகுகளால் ஓசை மாறவில்லை, கேட்போர் கண்தான் அமைதியுற்றது. மின்கிற்றாரின் வரலாற்றில் இதைவிட உண்மையான கதை வேறில்லை என்பது என் துணிபு.

கிப்சன் நிறுவனம் 1952 ஆம் ஆண்டில் அவர் பெயராலே ஒரு கிற்றாரை வெளியிட்டது. உடல் மஹோகனி, முகப்பு மேப்பிள். அம்முகப்பின்மேல் பொன்வண்ணம் பூசப்பட்டது. உள்ளே வரியோடிய மேப்பிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொன்னின் கீழ் மறைந்தே கிடந்தது. 1958 ஆம் ஆண்டிலே பொன்வண்ணத்தை விடுத்து, மரம் தெரியும்படி செம்மையும் மஞ்சளும் கலந்த மெருகைப் பூசத் தொடங்கினர். சிலவற்றில் வரி எழுந்தது; சிலவற்றில் வெறுமையாகவே இருந்தது. யாரும் பொறுக்கியெடுத்து விலை வைக்கவில்லை. முந்நூறு டொலருக்கும் குறைந்த விலைக்கு விற்றும் வாங்குவோர் போதாமையால் 1960 ஆம் ஆண்டோடு அவ்வடிவத்தை நிறுத்திவிட்டனர். பின்வந்த இசைஞர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து வாசிக்கவே, இன்று அவற்றுள் வரியெழுந்த ஒன்றுக்குப் பல இலட்சம் டொலர் கேட்கின்றனர். 1985 ஆம் ஆண்டில் மேரிலாந்திலே தொழில் தொடங்கிய போல் ரீட் ஸ்மித் என்பவர் இவ்வழகையே தம் தொழிலின் கொடியாக்கினார். அவருடைய நிறுவனம் சிறந்த வரியுடைய கிற்றார்களின் தலைப்பகுதியின் பின்னே 10 என்னும் இலக்கத்தை இட்டு மிகை விலை பெறுகின்றது. முன்பு பொன்பூச்சின் கீழே மறைந்து கிடந்தது இப்பொழுது தனியே எண்ணிட்டு விற்கப்படுகின்றது.

இனி ஓசைக்கு வருவோம். தஞ்சாவூர் வீணையை எண்ணிப் பாருங்கள். குடமும் தண்டும் பலாமரம். ஒரே கட்டையிற் குடைந்தால் ஏகாண்ட வீணை என்பர், மதிப்பு மிகுதி. அங்கே நரம்பின் அசைவு குதிரை வழியாகப் பலகையில் இறங்கி, குடத்துள் இருக்கும் காற்றை அசைத்து, அக்காற்றே நம் செவிக்கு வருகின்றது. மரம் பேசினாலன்றி வீணை பேசாது. பலாமரத்தில் வியக்கத்தக்க வரி ஒன்றும் இல்லை. புதிதில் மஞ்சளாயும் நாட்பட நாட்படப் பழுப்பாயும் இருக்கும், அவ்வளவே. அழகு வேண்டிய தச்சன் யாளிமுகத்திலும் ஓரச் சித்திர வேலையிலும் அதனை வைத்தான். குரலை மரத்திலும் கோலத்தை வேலையிலும் பிரித்து வைத்த அவ்வறிவை எண்ணுந்தோறும் மகிழ்ச்சி உண்டாகின்றது.

மின்கிற்றாரிலோ உருக்குக் கம்பி காந்தத்தின்மேல் அசைகின்றது. சுருளிலே மின்னோட்டம் எழுகின்றது. அது கம்பியின் வழியே பெருக்கிக்குச் சென்று ஒலியாகின்றது. உடலிலே காற்றறை இல்லை. மரத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்று யான் சொல்லேன். அதிர்வு எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பதிலே கழுத்தின் விறைப்புக்கும் உடலின் திண்மைக்கும் பங்குண்டு என்று வாசிப்போர் சொல்கின்றனர். அப்பங்கு எவ்வளவு என்பதிலே பெரிய வாதம் நடக்கின்றது. ஆயினும் வாதத்தின் எந்தப் பக்கத்தில் நின்றாலும், முகப்பின் நார் நெளிந்ததாலே பண் இனிக்கும் என்பதற்கு ஆதாரம் காண்கிலேன். 1950 ஆம் ஆண்டில் லியோ ஃபெண்டர் சாதாரணப் பலகையை வெட்டி, கழுத்தைத் திருகாணியால் முறுக்கி விற்ற கிற்றாரை இன்றும் உலகின் பெரிய இசைஞர்கள் கீழே வைக்கவில்லை.

மாணாக்கருக்கு யான் சொன்ன நடைமுறைகளை இங்கே எழுதுவதில் தவறில்லை. கடையிலே கிற்றாரைக் கேட்டு வாங்கி, ஒரே விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். வெண்வரி கருவரியாக மாறினால் நார் மெய்யாகவே நெளிந்திருக்கின்றது. எப்படிச் சாய்த்தாலும் வரி அசையாமல் நின்றால் அது அச்சடித்த தாள். மாறினும் போதாது, விளிம்பைப் பார்க்க வேண்டும். தடித்த முகப்புப் பலகையானால் மேலே ஓடும் வரி விளிம்பிலே வளைந்து பக்கத்திலும் இறங்கும். ஒரு மில்லிமீற்றருக்கும் மெலிந்த சீவலை வெறும் பலகைமேல் ஒட்டியிருந்தால் விளிம்போடு வரி அறுந்துவிடும். விளிம்பை வெள்ளைப் பட்டியால் மூடியிருந்தால், காந்தச் சுருள் இறங்கும் குழிக்குள்ளே பார்க்கக் கடைக்காரரை வேண்டலாம். சீவல் ஒட்டுவது மோசடி அன்று. மலிவான கருவிக்கு அது தக்க அலங்காரமே; மரமும் மிச்சமாகும். சீவலை முழுப்பலகையின் விலைக்கு விற்பதே மோசடி.

அடுத்து, இரு பாதியையும் ஒப்பிட வேண்டும். ஏட்டை விரித்தாற்போன்ற முகப்பிலே, நார் ஒருபுறம் இப்பாலும் மறுபுறம் அப்பாலும் சாய்ந்திருக்கும். ஆதலால் ஒரு பாதி வெளிச்சமாயும் மறுபாதி மங்கலாயும் தோன்றுவது குற்றமன்று, மெய்ம்மரத்தின் அடையாளம். இரண்டும் எக்கோணத்திலும் ஒன்றுபோல் இருந்தாலே ஐயுற வேண்டும். மூன்று ஏ, நான்கு ஏ, ஐந்து ஏ என்று தரம் சொல்வார்கள். இத்தரத்துக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு வணிகரின் ஐந்து இன்னொருவரின் மூன்றாகலாம். பரீட்சைத் தாளைத் திருத்தியவர்களுக்கு இது புதிதன்று.

ஆனால் உண்மையாகப் பார்க்கவேண்டியது முகப்பை அன்று, கழுத்தை. கிற்றாரைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல அடியிலிருந்து தலைவரை நோக்க வேண்டும். கழுத்தின் நார் நேராக, ஓரத்துக்கு இணையாக ஓடினால் நன்று. முகப்பில் அழகாகிய நெளிவு கழுத்திலே தீமையாகலாம். நெளிந்த நார் ஈரத்திற்கு ஒருபுறம் இழுத்து முறுகும். கொழும்பின் காற்றிலே ஈரப்பதன் ஆண்டு முழுவதும் 70, 80 வீதத்தில் நிற்கின்றது. இக்கருவிகளோ 45, 50 வீதத்திலே வைத்துச் செய்யப்படுகின்றன. வெள்ளவத்தையிலே கடலுக்கும் புகையிரதப் பாதைக்கும் எதிரே குடியிருப்பவர் வீட்டுச் சாளரத்தைத் திறந்துவைத்தால், ஒரு மாதத்திற் கம்பி துருப்பிடிக்கும். ஒரு மழைக்காலத்திற் கழுத்து வளையும். உள்ளே ஓர் இரும்புக் கோல் உண்டு, திருகி நிமிர்த்தலாம். வளைவை அது நிமிர்த்தும், முறுக்கை நிமிர்த்தாது. வரிக்குக் கொடுக்கும் மிகை விலையிலே நல்ல பெட்டியும் ஈரம் உறிஞ்சும் பொதியும் வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

ஈற்றிலே, நண்பர் ஒருவரை அழைத்துச் சென்று, கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் அவர் வாசிக்கக் கேட்கச் சொன்னேன். பெருக்கியில் இணைக்காமல் ஒருமுறை, இணைத்து ஒருமுறை. எது எதுவென்று பெயர் சொல்லக்கூடாது.

மாணாக்கர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பவர் அல்லர். "ஐயா, வரியுள்ளதை நாளைக்கு விற்றால் அந்த விலை திரும்பி வருமே. வெறுமரத்துக்கு யார் தருவார்கள்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பெயர்பெற்ற நிறுவனத்தின் வரியுடைய கிற்றாரை விற்கும்போது மிகையாகக் கேட்கலாம். ஆனால் அவ்விலை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள விலை. கொழும்பிலே அத்தகைய பழங்கருவியை வாங்குவோர் எத்தனை பேர்? "தம்பி, நீர் வாசிக்க வாங்குகிறீரா, விற்க வாங்குகிறீரா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அழகுக்காக வாங்குகின்றேன் என்று ஒருவர் நேரே சொன்னால் எனக்கு மறுப்பில்லை. கூறைச்சேலையின் கரைக்குக் காசு கொடுப்பவர் அது குளிரைத் தாங்கும் என்று சொல்வதில்லை. நாள்தோறும் கையில் எடுக்கத் தூண்டும் அழகுக்கும் ஒரு விலை உண்டு. அந்தக் கணக்கை அதன் பெயராலேயே எழுத வேண்டும் என்கின்றேன்.

இவ்வளவும் வாங்குவோர் பையைப் பற்றிய பேச்சு. எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. கண்ணுக்காக மரத்தைத் தேடியதன் பயனை இலங்கை ஒருமுறை பட்டறிந்திருக்கின்றது.

கலமண்டர் என்று ஆங்கிலேயர் அழைத்த மரம் ஒன்று உண்டு. சிங்களத்திலே களுமெதிரிய என்பர். கருங்காலியின் உறவு, இலங்கையின் ஈரவலயத்துத் தாழ்நிலக் காடுகளுக்கே உரியது. வெளிர்பழுப்பு நிலத்திலே கருவரி மேகம்போல ஓடும். மேப்பிள் வரி இதன்முன் கோலமாவுக் கீறல் என்றே சொல்லத் தோன்றுகின்றது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பேழைகளுக்கும் மேசைகளுக்கும் நாற்காலிகளுக்கும் இதனை வெட்டிக்கொண்டே இருந்தனர். 1859 ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் தெனன்ற், அன்றைக்கே அது காண்டற்கரியதாகிவிட்டது என்று வருந்துகின்றார். முதிர்ந்த மரம் இன்று காட்டிற் கிடைப்பது மிக அரிது. புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குச் சென்றாலும், 1757 ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறந்த வுல்வெண்டால் தேவாலயத்துக்குச் சென்றாலும், அக்காலத்து மரவேலையின் செழிப்பை நேரே காணலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். நம் பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் போயிருப்பார்கள்? முதிரையிலும் வரியோடியதைத் தனியே பொறுக்கி எடுத்தனர். சிங்களத் தச்சர் அதனை மல் புருத, அஃதாவது பூமுதிரை, என்பர். வன்னியிலும் மட்டக்களப்பிலும் பழைய வீடுகளின் கதவுகளிலே அது இன்னும் மின்னுகின்றது.

வரியை விரும்பியதாலே இங்கே ஒரு மரம் அருகியது. வரியை வெறுத்ததாலே ஆபிரிக்காவில் நேர்ந்ததையும் கேளுங்கள். கிற்றாரின் விரற்பலகைக்குக் கருங்காலி வேண்டும். அதுவும் ஒரு கீறலும் இல்லாத முழுக் கருமையாய் இருக்கவேண்டும் என்பது நூற்றாண்டுகளாக வாங்குவோர் விருப்பம். 2011 ஆம் ஆண்டில் டெய்லர் கிற்றார் நிறுவனம் கமரூன் நாட்டிலே கருங்காலி ஆலை ஒன்றைப் பங்காளரோடு வாங்கியது. அங்கே சென்ற பொப் டெய்லர் அறிந்துகொண்டது இது: நின்ற மரத்தைப் பார்த்து அதன் உள்நிறத்தைச் சொல்ல இயலாது, வெட்டினால்தான் தெரியும். ஒரு முழுக்கருமை மரத்தைப் பெறும்பொருட்டுப் பத்து மரங்கள் வெட்டப்பட்டன. பழுப்பு வரி ஓடிய ஒன்பதும் விலைபோகா என்று காட்டிலேயே மட்கும்படி விடப்பட்டன. ஓசையிலே ஒரு வேற்றுமையும் இல்லை. அதன்பின் வரியோடிய கருங்காலியையும் தம் கிற்றார்களில் இடத் தொடங்கினார். கலமண்டரிலே கருமையும் பழுப்பும் கலந்த வரி பொன்னென மதிக்கப்பட்டது. கமரூனிலே அதே கருமையும் பழுப்பும் கலந்த வரி குப்பை எனப்பட்டது. இரண்டிடத்தும் வீழ்ந்தது மரம்.

நாடுகள் இதனை உணராமல் இல்லை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் சமவாயம் 2017 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே தோதகத்தி இனம் முழுவதையும் தன் பட்டியலிற் சேர்த்தது. கிற்றாரின் விரற்பலகைகள் பல தோதகத்தி ஆகையால், கருவி செய்வோரும் விற்போரும் எல்லை தாண்டும்போதெல்லாம் பத்திரம் கேட்கப்பட்டு அல்லலுற்றனர். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 ஆம் ஆண்டு மாநாட்டிலே விலக்களித்தனர். அம்மாநாடு கொழும்பிலேதான் கூடுவதாய் இருந்தது. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் பிறவிடங்களிலும் நடந்த கொடுமையின் பின்னர் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. நம் வாசலுக்கு வரவிருந்த பேச்சு அப்படியே போயிற்று. அதனாற் போலும், மரத்தைப் பற்றிய கேள்வி இங்குள்ள இசைக்கருவி வாங்குவோரிடையே இன்னும் எழவில்லை.

கிற்றார் நமக்கு அந்நியம் என்று ஒதுக்குவோரும் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரின் துணையோடுதான் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையைப் பட்டிதொட்டி எங்கும் பரப்பினர். பைலாவும் கிற்றாரும் இன்றி இத்தீவின் கரையோரத்துக் கலியாணம் இல்லை. இப்படி வேரூன்றிய கருவிக்கு நம் மரம் ஏன் பயன்படலாகாது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கே கொண்டுவரப்பட்ட மஹோகனி இப்பொழுது பலாவோடு கலந்து தோட்டக் காடுகளாய் நிற்கின்றது. மொறட்டுவைத் தச்சர் கைத்திறன் தளபாடத்தோடு நிற்கவேண்டும் என்று விதியில்லை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் குரல் கொடுத்த பலா, மின்கிற்றாரின் உடலுக்குத் தகாது என்று யார் சோதித்துச் சொன்னார்? 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி பலாவைத் தறிக்க அனுமதி வேண்டும். அனுமதி பெற்றுத் தறித்தவற்றுள்ளும், பழைய வீடுகளை உடைக்கும்போது வரும் தீராந்திகளுள்ளும் ஒரு கிற்றாருக்குப் போதிய துண்டு அகப்படாமற் போகாது. நாற்பது ஐம்பது ஆண்டு கூரையின் கீழ் உலர்ந்த மரம் அது. எந்த உலர்த்தும் சூளையும் அதற்கு ஈடாகாது என்று மரக்காலை முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

விலையுயர்ந்த கிற்றார்களைத் தருவித்து விற்கும் கடைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். விலைச்சீட்டிலே "மேப்பிள் முகப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். அது முழுப்பலகையா சீவலா, எத்தனை மில்லிமீற்றர், கழுத்து எந்த மரம், விரற்பலகை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். வரிக்காக எவ்வளவு சேர்த்தீர்கள் என்பதைத் தனி வரியில் எழுதுங்கள். கடையின் ஒரு மூலையிலே திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் பின்னிருந்து வாசித்துக் காட்டுவதற்கு ஓர் ஆளையும் வையுங்கள். செலவு ஒரு சீலைத்துண்டும் ஒரு முக்காலியும்தான்.